அழுகுணி ஆட்டம்: ஆன்லைன் கேம்களில் சீட்டிங்கைத் தடுப்பது எப்படி?

தாயக்கட்டையை நடுக்கூடத்தில் உருட்டினால், விழுந்தது தாயமா இல்லையா என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதே ஆட்டத்தை ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஃபோனில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் வீட்டில் அவரவர் கட்டை. "தாயம் விழுந்தது" என்று மறுமுனையிலிருந்து குரல் வந்தால் என்ன செய்வது? அழுகுணி ஆட்டம் ஆட நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

போட்டியாக ஆடப்படும் ஆன்லைன் கேம் ஒவ்வொன்றும் இந்தச் சிக்கலோடுதான் பிறக்கிறது. கேம் ஓடும் கணினி ஆடுபவரின் வீட்டில் இருக்கிறது. அதன் மெமரியை அவர் படிக்கலாம், மாற்றலாம். வெளியே போகும் டேட்டாவை நிறுத்தலாம், திருத்தலாம். பூட்டு என்று எதைப் போட்டாலும் சாவியும் அவர் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.

ஆன்டி-சீட் என்றதும் பலருக்கு வைரஸ் தேடும் மென்பொருள்போல ஒன்று நினைவுக்கு வரும். அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதன் முறை பிறகுதான் வரும். அதற்கு முன் கேமைக் கட்டும்போதே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். ஆடுபவரின் கணினி சொல்வதில் எதை நம்புவது? அந்தக் கணினிக்கு எதைச் சொல்வது? இந்த இரண்டையும் கோட்டைவிட்ட கேமை எந்த ஆன்டி-சீட் மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

எதை நம்புவது

ஆடுபவரின் பக்கம் ஓடுவது கிளையன்ட். நடுவில் கேம் நிறுவனத்தின் கையில் இருப்பது சர்வர். புதிதாக மல்டிபிளேயர் கேம் எழுதுபவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் முதல் தவறு, கிளையன்ட் முடிவைச் சொல்ல விடுவது. "நான் இப்போது இந்த இடத்தில் நிற்கிறேன்", "நான் சுட்டது அவன் தலையில் பட்டது", "என்னிடம் 5,000 காசு இருக்கிறது" என்று கிளையன்ட் அனுப்ப, சர்வர் அதை அப்படியே மற்றவர்களுக்குச் சொல்லிவிடும். எழுதுவதற்கு எளிது, ஆடும்போதும் மென்மையாக ஓடும். முதல் ஹேக்கர் வந்த அன்றே சுவருக்குள் நடப்பவர்களும் ஆகாயத்தில் பறப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

சரியான முறையில் கிளையன்ட் முடிவைச் சொல்லாது, எண்ணத்தை மட்டும் சொல்லும். முன்னே போகும் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது, பார்வை இந்தக் கோணத்தில் இருக்கிறது, சுடும் பட்டன் அழுத்தப்பட்டது, அவ்வளவுதான். நகர்வதைக் கணக்கிடுவது, குண்டு பட்டதா என்று பார்ப்பது, உயிரைக் குறைப்பது எல்லாம் சர்வரின் வேலை. ஒவ்வொரு அசைவுக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தால் ஆட்டம் இழுக்கும் என்பதால், கிளையன்ட் தன் பங்குக்கு அதே கணக்கை முன்கூட்டியே போட்டுத் திரையில் காட்டிவிடும். சர்வரின் விடை வேறாக வந்தால் கிளையன்ட் தன்னைத் திருத்திக்கொள்ளும். இணையம் மோசமாக இருக்கும்போது நாலடி முன்னே போன ஆள் சடக்கென்று பின்னால் இழுக்கப்படுவது இதனால்தான். 1996-இன் இறுதியில் வந்த குவேக்வேர்ல்ட் என்ற சுடும் கேம் பரவலாக்கிய இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய ஷூட்டர் கேம்களும் பின்பற்றுகின்றன.

கிளையன்ட் இடத்தைச் சொல்லட்டும், சர்வர் அது நடக்கக்கூடியதா என்று சரிபார்க்கட்டும் என்று ஒரு நடுவழியைச் சிலர் எடுப்பார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற ஷூட்டர் கேமை வைத்து அதைப் பார்ப்போம். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் நொடிக்கு 250 யூனிட் (கேமுக்குள் தூரத்தை அளக்கும் அலகு) போகலாம். சர்வர் நொடிக்கு 64 முறை கணக்குப் போட்டால் (ஒவ்வொரு முறையும் ஒரு டிக்) ஒரு டிக்கில் 3.9 யூனிட்டுக்கு மேல் நகர முடியாது. அதற்கு மேல் போனால் சீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நேர்மையான ஆட்டக்காரர்தான் முதலில் மாட்டுவார். தாவித் தாவி ஓடும் பன்னிஹாப் உத்தியில் 250-ஐத் தாண்ட முடியும். உயரத்திலிருந்து விழும்போதும் வேகம் கூடும். இணையம் கால் நொடி திணறி, தேங்கிய தகவல்கள் ஒன்றாக வந்து சேர்ந்தால் ஆள் ஒரே தாவலில் 60 யூனிட் போனதுபோலத் தெரியும். வரம்பைத் தளர்த்தினால் சீட்டர் அந்தத் தளர்வுக்குள்ளேயே 10 சதவீதம் வேகமாக ஓடுவார். சர்வர் தானே நகர்த்திப் பார்க்கும் முறையில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. பட்டன் தகவலோடு "இவ்வளவு மில்லிவிநாடி அழுத்தினேன்" என்பதையும் பழைய கேம் எஞ்சின்களில் கிளையன்ட்தான் சொல்லும். கணினியின் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டால் ஒரு நொடிக்குள் ஒன்றரை நொடி நடந்துவிடலாம். ஸ்பீடுஹேக் என்பது இதுதான். இதற்கு மருந்து கைச்செலவுக் கணக்குபோல ஒன்று. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நொடிக்கு 64 டிக் என்று சர்வர் வரவு வைக்கும், வரும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒன்றைக் கழிக்கும். இணையத் திணறலுக்காகப் பத்துப் பதினைந்து டிக்கைச் சேமித்துக்கொள்ள விடலாம், அதற்கு மேல் விடக்கூடாது. இருப்பு தீர்ந்தால் கட்டளை செல்லாது. இதே கணக்கு லேக் ஸ்விட்சையும் அடக்கும். வேண்டுமென்றே அரை நொடி இணையத்தைத் துண்டித்து, எதிரிகளின் திரையில் உறைந்துபோய், பிறகு எல்லா அசைவையும் ஒரே மூச்சில் அனுப்பும் தந்திரம் அது. சேமிப்புக்கு வரம்பு இருந்தால் அந்த ஒரே மூச்சு செல்லுபடியாகாது.

இன்னொரு இடமும் நுணுக்கமானது. உங்கள் திரையில் தெரியும் எதிரி, சர்வரைப் பொறுத்தவரை சற்று முன் அங்கே இருந்தவர். நீங்கள் சரியாகக் குறிவைத்துச் சுட்ட தகவல் சர்வருக்குப் போய்ச்சேர்வதற்குள் அவர் நகர்ந்திருப்பார். அதனால் சர்வர் எல்லோருடைய பழைய இடங்களையும் கொஞ்ச நேரத்துக்கு நினைவில் வைத்திருந்து, நீங்கள் பார்த்த கணத்துக்குக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி, குண்டு பட்டதா என்று பார்க்கிறது. எந்தக் கணம் என்பதை மட்டும் கிளையன்ட் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை மறுபடி உள்ளே வந்துவிட்டது, பாருங்கள். "நான் பார்த்தது 200 மில்லிவிநாடிக்கு முந்தைய காட்சி" என்று பொய் சொல்லி, சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டவரையும் சுடும் சீட்டுக்கு பேக்டிராக் என்று பெயர். பின்னோக்கிப் போகும் அளவை இறுக்கிப் பிடிப்பதும், அந்த ஆட்டக்காரரின் பிங்கோடு (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) அது பொருந்துகிறதா என்று பார்ப்பதும்தான் வழி. ரொம்ப இறுக்கினால் தொலைவிலிருந்து ஆடுபவர்களின் நியாயமான குண்டுகளும் வீணாகும்.

சின்ன மாற்றம் ஒன்று ஒரு சீட்டையே ஒழித்த கதையும் உண்டு. துப்பாக்கிக் குண்டு நேராகப் போகாமல் கொஞ்சம் சிதறும். அந்தச் சிதறலைத் தீர்மானிக்கும் எண் கிளையன்டுக்கும் சர்வருக்கும் ஒன்றாகவே இருந்தவரை, அடுத்த குண்டு எப்படி விலகும் என்று முன்பே கணக்கிட்டு, எதிர்ப்பக்கம் திருப்பிச் சுடும் நோஸ்பிரெட் சீட் இருந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவில் சர்வர் தனக்கென்று வேறு எண்ணை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள், சீட் செத்தது. யாரையும் பிடிக்கவும் வேண்டாம், தடை போடவும் வேண்டாம். ஆன்டி-சீட் வேலையில் இதைவிடச் சுத்தமான வெற்றி இல்லை.

எதைச் சொல்வது

சீட்டர் பொய் சொல்வதைத் தடுத்தாயிற்று. அவர் ஒட்டுக்கேட்பதைத் தடுப்பது அடுத்த வேலை. கண்ணாமூச்சி ஆட்டத்தில் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பதுதான் வால்ஹேக். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியின் இடம் உங்கள் கணினியின் மெமரியில் இருக்கிறது, வழக்கமான கேம் அதைத் திரையில் காட்டுவதில்லை, சீட் காட்டுகிறது. மெமரிக்கே வராத ஒன்றை எந்தச் சீட்டாலும் காட்ட முடியாது.

எல்லாக் கேமாலும் இதைச் செய்ய முடிவதில்லை. 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 28.8 கிலோபிட் மோடத்தில் ஓட வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான வீரர்களின் இடத்தையும் அந்தச் சின்னக் குழாய்க்குள் அனுப்ப வழியில்லை. அதனால் ஆட்டக்காரர்களின் கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொண்டு, ஒவ்வொரு கணினியும் முழு ஆட்டத்தையும் ஒரே மாதிரி கணக்கிட்டுக்கொள்ளும்படி கட்டினார்கள். லாக்ஸ்டெப் என்று இதற்குப் பெயர். இதில் ஒரு விந்தையான பலன் உண்டு. ஒருவர் தன் கணினியில் தங்கத்தைக் கூட்டிக்கொண்டால் அவர் கணக்கு மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் ஆட்டமே அறுந்துவிடும். ஆக, பொய் சொல்ல முடியாது. ஆனால் முழு வரைபடமும் எல்லோரிடமும் இருப்பதால் இருட்டை விலக்கிப் பார்க்கும் மேப்ஹேக்கைத் தடுக்கவே முடியாது. நம்முடைய இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை.

சர்வர் நடுவில் இருக்கும் கேம்களில் மறைக்க முடியும், அதற்கு விலை உண்டு. 2020-இல் வந்த வேலரன்ட் இதைத் தொடக்கத்திலிருந்தே செய்கிறது. யாருக்கு யார் தெரியக்கூடும் என்று சர்வர் பார்த்து, தெரியப்போகும் நேரத்தில்தான் எதிரியின் இடத்தை அனுப்புகிறது. "தெரியப்போகும்" என்ற சொல்லில்தான் முழுக் கஷ்டமும் இருக்கிறது. கண்ணில் பட்ட பிறகு அனுப்பினால், தகவல் வந்து சேர்வதற்குள் எதிரி மூலையைத் தாண்டி நடுவழியில் திடீரென்று முளைப்பார். எவ்வளவு முன்னால் அனுப்புவது? கவுண்டர்-ஸ்ட்ரைக் அளவிலேயே கணக்குப் போடுவோம். நொடிக்கு 250 யூனிட், தாமதம் 100 மில்லிவிநாடி என்றால் ஒருவர் அதற்குள் 25 யூனிட் நகர்வார். இருவரும் எதிரெதிராக வந்தால் 50. ஓர் ஆளின் அகலமே 32 யூனிட்தான். மூலைக்கு ஒன்றரை ஆள் தூரத்தில் வரும்போதே இடத்தைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றரை ஆள் தூரம் வால்ஹேக் வைத்திருப்பவருக்கு இன்னும் கிடைக்கும். முழு மேப்பும் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது பரவாயில்லை.

காலடிச் சத்தம் இன்னொரு கசிவு. சுவருக்கு அப்பால் ஓடுபவரின் சத்தம் கேட்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. கேட்க வேண்டுமென்றால் எங்கிருந்து என்பதையும் அனுப்பியாக வேண்டும். நேர்மையானவர் காதால் குத்துமதிப்பாக ஊகிப்பதைச் சீட் துல்லியமான புள்ளியாகத் திரையில் வரைந்துவிடும்.

மிஞ்சுவது

இவ்வளவும் செய்த பிறகும் ஏம்பாட் மிஞ்சும். எதிரி உங்கள் கண்ணுக்கு நியாயமாகத் தெரிகிறார், அவர் தலையை நோக்கி மவுஸை நகர்த்துவது மட்டும்தான் நிரல். பார்வைக் கோணம் என்பது எண்ணம், சர்வர் அதை நம்பியே தீர வேண்டும். கை நகர்த்தியதா, நிரல் நகர்த்தியதா என்பது வந்து சேரும் எண்ணில் எழுதியிருக்காது.

இதன் உச்சம் சதுரங்கம். மறைக்க ஒன்றுமே இல்லை, பலகை முழுவதும் இருவருக்கும் தெரியும். தவறான நகர்வைச் சர்வர் ஏற்கப்போவதும் இல்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை முழுமையாக இருந்தும், பக்கத்தில் உள்ள ஃபோனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க எஞ்சினைத் திறந்துவைத்தால் போதும், உலகத்தில் எவரையும் வெல்லலாம். ஜூன் 2021-இல் கொரோனா நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் பல பிரபலங்களோடு ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆடினார். அவரைத் தோற்கடித்த தொழிலதிபர், கணினியின் துணையோடுதான் ஆடியதாக மறுநாளே ஒப்புக்கொண்டார். சதுரங்கத் தளங்களுக்கு அதனால் ஒரே வழிதான் இருக்கிறது: ஆடிய விதத்தைப் பார்ப்பது. நகர்வுகள் எஞ்சினின் முதல் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, அந்த ரேட்டிங்கில் உள்ளவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் எங்கே போயின, எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஒரே மாதிரி ஏழெட்டு நொடி எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். இதில் நேரம்தான் பலரைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்குள் காவல்

ஷூட்டர் கேம்களில் அந்தக் கடைசி வழிக்கு முன் இன்னொன்று இருக்கிறது. ஆடுபவரின் கணினியிலேயே ஒரு காவலாளியை உட்காரவைப்பது. பொதுவாக மக்கள் ஆன்டி-சீட் என்று சொல்வது இதைத்தான். 2000-களின் தொடக்கத்தில் பங்க்பஸ்டர் வந்தது, 2002-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் வால்வ் நிறுவனம் தன் வேக்-ஐக் கொண்டுவந்தது, பிறகு பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட், வேலரன்ட்டின் வேன்கார்டு எல்லாம் வந்தன.

தெரிந்த சீட்களின் அடையாளம் மெமரியில் இருக்கிறதா, கேமின் நிரல் மாற்றப்பட்டிருக்கிறதா, கேமுக்குள் அந்நிய நிரல் எதுவும் நுழைந்திருக்கிறதா, வேறொரு நிரல் கேமின் மெமரியைத் திறந்து படிக்கிறதா என்பவற்றை இவை பார்க்கும். சீட் எழுதுபவர்களுக்கும் இது தெரியும். விண்டோஸின் கெர்னல், அதாவது எல்லா நிரல்களுக்கும் மேலான உரிமையுள்ள அடித்தளம், அங்கே சீட் போய் உட்கார்ந்துகொண்டால் மேல்மாடியில் இருக்கும் காவலாளியிடம் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், பொய்ப் பதில் சொல்லவைக்கலாம். அதனால் ஆன்டி-சீட்டும் டிரைவராக, அதாவது கெர்னலுக்குள் ஓடும் நிரலாக மாறி, அங்கே இறங்கியது. யார் முதலில் போய் உட்காருகிறார் என்பது அடுத்த போட்டி. வேன்கார்டு கணினி துவங்கும்போதே கிளம்புவதும், அதை நிறுத்திவிட்டால் ரீஸ்டார்ட் செய்யாமல் ஆட முடியாததும் இதனால்தான். விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0-ம் (கணினி துவங்கும்போது ஓடுவது அசல் நிரல்தானா என்று உறுதிசெய்ய உதவும் வசதிகள்) இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்பது, அதற்கும் முன்னால் யாரும் நுழையவில்லை என்ற உறுதிக்காக.

இந்த உரிமை சாதாரணமானதில்லை, ஆடுபவர்கள் தயங்குவதில் முழு நியாயம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இன் அப்டேட்டோடு சீட்டிங்கைத் தடுக்க வந்த ஒரு டிரைவர், கணினியில் உள்ள எந்த நிரலும் கெர்னல் உரிமையோடு ஓடக் கதவைத் திறந்துவிட்டது. உடனே திரும்பப் பெற்றார்கள். 2022-இல் ஜென்ஷின் இம்பாக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று எடுத்து, அந்தக் கேமே இல்லாத கணினிகளில் நிறுவி, வைரஸ் தடுப்பு மென்பொருளை அணைக்கப் பயன்படுத்தியது. கையெழுத்திடப்பட்ட நல்ல டிரைவர் என்பதால் விண்டோஸ் அதை உள்ளே விட்டது. கெர்னல் டிரைவர் எழுதும் நிறுவனம் தன் கேமுக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதாது, அந்தக் கோப்பு இருக்கக்கூடிய ஒவ்வொரு கணினிக்கும் அதற்குப் பொறுப்பு உண்டு.

இவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. மதர்போர்டின் ஸ்லாட்டில் ஓர் அட்டையைச் செருகி, பிராசசருக்குத் தெரியாமல் மெமரியை நேராகப் படித்து, யுஎஸ்பி கேபிள் வழியாக இரண்டாவது கணினிக்கு அனுப்புவார்கள். டிஎம்ஏ சீட் என்று பெயர். வரைபடம் அந்த இரண்டாவது திரையில் தெரியும். முதல் கணினியில் சீட் நிரல் எதுவுமே இல்லை. பயாஸில் ஐஓஎம்எம்யு என்ற அமைப்பை இயக்கினால் அட்டைகள் தொடக்கூடிய மெமரியைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் திரையை மட்டும் கேப்சர் செய்து, படத்தில் எதிரியைக் கண்டுபிடித்து, மவுஸ்போல நடிக்கும் ஒரு சிறு போர்டு வழியாகக் குறிவைக்கும் ஏற்பாட்டை அதனாலும் நிறுத்த முடியாது. அது கேமின் மெமரியைத் தொடுவதே இல்லை.

மொபைலில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. மாற்றியமைத்த ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பின் கோப்பு), ரூட் செய்த, அதாவது முழு உரிமையும் திறந்துவிடப்பட்ட ஃபோன், கணினியில் ஓடிக்கொண்டே ஃபோன் என்று சொல்லிக்கொள்ளும் எமுலேட்டர். ஆப் அசலானதுதானா, ஃபோன் ரூட் செய்யப்படாததுதானா என்று ஆண்ட்ராய்டின் பிளே இன்டெக்ரிட்டி வசதி வழியாகக் கேம் சர்வர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எமுலேட்டரில் மவுஸும் கீபோர்டும் வைத்து ஆடுபவர்களை அவர்களுக்குள்ளேயே மோதவிடுவது நல்ல ஏற்பாடு, தடையே தேவைப்படாது. ஐபேட் வியூ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது, ஃபோனில் அமைப்புக் கோப்பை மாற்றி அகலமான பார்வையைப் பெறுவது. திரையில் எவ்வளவு தெரிகிறது என்பது சர்வருக்குத் தெரியவே வராது. கோப்பு மாறியிருக்கிறதா என்று கிளையன்ட் பக்கமே சோதித்தால்தான் உண்டு.

நடத்தையைப் பார்ப்பது

கடைசியில் ஷூட்டரும் சதுரங்கம் நிற்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. தடகள ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.1 நொடிக்குள் காலை எடுத்தால் தவறான தொடக்கம் என்று விதி. கேமிலும் எதிரி தெரிந்த 0.1 நொடிக்குள் சுட்டவரைச் சீட்டர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. மூலையில் ஆள் இருப்பான் என்று ஊகித்து, தெரியும் முன்பே சுடுவது நல்ல ஆட்டக்காரரின் வழக்கமான உத்தி. தனி ஒரு சம்பவம் எதையும் நிரூபிக்காது. நூற்றுக்கணக்கான சுடுதல்களில் குறி போய்ச்சேரும் பாதை, கடைசி நேரத் திருத்தம், தவறவிடும் விதம் எல்லாம் சேர்ந்து ஒரு கைரேகைபோல ஆகும். மனிதக் கை இலக்கைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பிவரும். வால்ஹேக் வைத்திருப்பவர் ஆளில்லாத மூலையைச் சரிபார்க்காமல் கடந்து போவார்.

வால்வ் 2013-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஓவர்வாட்ச் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புகார் வந்தவரின் எட்டு ரவுண்ட் ரிப்ளேயைப் பெயரை மறைத்து அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்குக் காட்டி, அவர்கள் தீர்ப்பைக் கேட்டது. அந்தத் தீர்ப்புகளை வைத்தே வேக்நெட் என்ற நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். 2018-இல் அதைப் பற்றிப் பேசியபோது சொன்ன கணக்கு கவனிக்கத்தக்கது. ஆட்டக்காரர்களின் புகாரிலிருந்து வந்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தன. வேக்நெட் அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம். தோற்ற கோபத்தில் "ஹேக்கர்" என்று புகார் அழுத்துபவர்கள் எவ்வளவு பேர் என்பது இதில் தெரிகிறது.

இருந்தும் இயந்திரத்தின் கையில் தடைப் பொத்தானைக் கொடுக்காமல் வழக்கைத்தான் கொடுத்தார்கள். காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லட்சம் ஆட்டக்காரர்களில் 1,000 பேர் சீட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்டுபிடிக்கும் கருவி 99 சதவீதம் சரி. 990 சீட்டர்கள் மாட்டுவார்கள். மீதி 99,000 நேர்மையானவர்களில் 1 சதவீதம், அதாவது 990 பேரும் மாட்டுவார்கள். மாட்டியவர்களில் பாதிப்பேர் ஒரு தவறும் செய்யாதவர்கள். 99 சதவீதம் என்று விளம்பரத்தில் போடலாம், தீர்ப்பு எழுத அது போதாது.

தடை போடும் நேரம்

சீட்டைக் கண்டுபிடித்த அந்த நொடியே தடை போட்டால், சீட் எழுதுபவருக்கு இலவசமாகச் சோதனைக்கூடம் கட்டிக்கொடுத்ததாக ஆகும். ஒரு வரியை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், மாட்டினால் அடுத்த வரி. அதனால்தான் கண்டுபிடித்ததைக் குறித்துவைத்துக்கொண்டு, நாட்கள் கழித்து மொத்தமாகத் தடை போடுவார்கள். எது காட்டிக்கொடுத்தது என்று தெரியாது, காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் மாட்டுவார்கள், விற்றவரின் பெயரும் கெடும். அந்த இடைவெளியில் நேர்மையானவர்கள் சீட்டரோடு ஆடித் தோற்பார்கள் என்பது உண்மை. ரேங்க் ஆட்டங்களில் அதை ஈடுகட்டத் தோல்வியால் இழந்த புள்ளிகளைத் திருப்பித் தர வேண்டும்.

பிப்ரவரி 2023-இல் டோட்டா 2-இல் வால்வ் வைத்த பொறி இந்தத் துறையில் பாடமாகச் சொல்லத் தக்கது. வழக்கமான ஆட்டத்தில் ஒருபோதும் படிக்கப்படாத ஒரு டேட்டாப் பகுதியைக் கிளையன்டுக்குள் வைத்தார்கள். சீட் மட்டும்தான் அதைத் தொடும். தொட்டவர்கள் 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள், எல்லாம் நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டன. நேர்மையானவர் அந்தப் பகுதியைத் தொடக் காரணமே இல்லை என்பதால், மேலே போட்ட 990 கணக்கின் சிக்கல் இங்கே எழவில்லை.

தடைக்குப் பிறகு புதுக் கணக்கு தொடங்க ஒரு நிமிடம் போதும் என்றால் தடைக்கு மதிப்பில்லை. ஃபோன் எண்ணைக் கணக்கோடு இணைப்பது, ரேங்க் ஆட்டத்துக்குமுன் சில மணிநேரம் ஆடியிருக்க வேண்டும் என்பது, கணினியின் பாகங்களின் அடையாள எண்ணையே தடைசெய்வது எல்லாம் அந்த மதிப்பைக் கூட்டத்தான். கடைசியாகச் சொன்னதில் பழைய கணினி வாங்கியவர் முந்தைய உரிமையாளரின் தடையைச் சுமக்க நேரலாம், முறையீட்டுக்கு வழி வைக்காமல் அதைச் செய்யக்கூடாது. தென்கொரியா இன்னும் ஒரு படி போய், சீட் செய்து விற்பதையே குற்றமாக்கும் சட்டத்தை 2016 டிசம்பரில் நிறைவேற்றியது. ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது 5 கோடி வோன் வரை அபராதம்.

பரிசுப் பணம் உள்ள போட்டிகளில் மென்பொருள் மட்டும் போதாது, நடுவர் வேண்டும். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் வீரர் ஒருவர் மேடையிலேயே பிடிபட்டார். சீட்டின் கோப்புக்கு வேர்ட் என்று பெயர் வைத்திருந்தார். நடுவர்கள் கணினியைப் பார்க்க வந்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அணியே கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை. மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச் 17 அன்று ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸின் வட அமெரிக்க இறுதிப் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு வீரர்களின் திரையில் அவர்கள் கேட்காமலேயே சீட்கள் இயங்கத் தொடங்கின. வெளியிலிருந்து யாரோ புகுத்தியவை. போட்டியை ஒத்திவைத்தார்கள். தானாகத் தடை போடும் கருவி மட்டும் இருந்திருந்தால் அந்த இருவர்தான் குற்றவாளிகள்.

சொந்தமாகக் கேம் எழுதுபவர்களுக்கு

கல்லூரி புராஜெக்டாகவோ சிறு குழுவாகவோ யூனிட்டி, கோடாட் போன்ற கேம் எஞ்சின்களில் மல்டிபிளேயர் கேம் எழுதுபவர்கள் ஆன்டி-சீட் மென்பொருளைத் தேடிப் போகும் முன் தங்கள் நெட்வொர்க் செய்திகளைப் பட்டியலிட வேண்டும். கிளையன்டிலிருந்து சர்வருக்குப் போகும் ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, "இதில் பொய் சொன்னால் என்ன கிடைக்கும்?" என்று கேளுங்கள். சேதம், காசு, இடம், ஆட்டத்தின் முடிவு என்ற சொற்கள் அங்கே இருந்தால் அவற்றைச் சர்வருக்கு மாற்றுங்கள். நொடிக்கு 10 குண்டு சுடும் துப்பாக்கி என்றால், முந்தைய குண்டிலிருந்து 100 மில்லிவிநாடி ஆகிவிட்டதா என்பதைச் சர்வரின் கடிகாரத்தில் பாருங்கள், கிளையன்ட் அனுப்பும் நேரத்தை வைத்துப் பார்க்காதீர்கள். பிறகு சர்வரிலிருந்து வரும் செய்திகளை எடுத்து, திரையில் தெரியத் தேவையில்லாத எது போகிறது என்று பாருங்கள். எதிராளியின் கையில் உள்ள சீட்டுகளையும் சேர்த்து அனுப்பிவிட்டு, திரையில் மட்டும் கவிழ்த்துக் காட்டும் சீட்டாட்ட ஆப்களில் இந்த ஓட்டைதான் இருக்கும்.

ஐயம் வந்தவுடன் வெளியேற்றாதீர்கள். விதிக்கு மீறிய கட்டளையைச் செல்லாமல் ஆக்கிவிட்டு, எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். இணையம் திணறும் நேர்மையான ஆட்டக்காரருக்கு எண்ணிக்கை சிதறலாக ஏறி நிற்கும், சீட்டருக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே சீராக ஏறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரிப்ளேயைச் சேமியுங்கள். செலவு பயப்படும்படி இருக்காது. ஒரு கட்டளைக்கு 20 பைட், நொடிக்கு 64, பத்து ஆட்டக்காரர்கள், 40 நிமிட ஆட்டம் என்றால் மொத்தம் சுமார் 30 எம்பி, சுருக்கினால் அதைவிடக் குறைவு. 30 நாள் வைத்திருந்து அழித்துவிடலாம், புகார் வந்தவற்றை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். முதல் புகார் வரும் நாளில் உங்களிடம் வேறு எந்தக் கருவியும் இருக்காது. இரண்டு பேர் உட்கார்ந்து, சந்தேகப்படுபவரின் கண் வழியாக எட்டு ரவுண்டைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தடை போட்டால் அந்த ரிப்ளேயை முறையீட்டுக் காலம் முடியும்வரை அழிக்காதீர்கள்.